பட்டியலில் ஐந்தாவது

கரண்டு போனால் ஊரே திட்டும். கரண்டு வந்தால் நடுங்குகிற ஒரு ஜீவன் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இருந்தது என்றால் நம்புவீர்களா? இருந்தது. பேர் சமீனா, வயசு இருபத்தாறு. பார்த்தால் பயந்த சுபாவம் என்று சொல்லவே மாட்டீர்கள். ரயிலில் சீட்டுக்குச் சண்டை போட்டு ஜெயிக்கிறவள்.

இரண்டாயிரத்து எட்டாம் வருஷம் அது. தினமும் முறை வைத்துக் கரண்டை நிறுத்தினார்கள். சிப்காட்டில் அவர்கள் பக்கத்துக்குக் காலை பத்திலிருந்து பதினொன்று வரை. பதினொன்றுக்கு ஆபீஸ் ஃபேன் ஒரு முனகு முனகிச் சுற்ற ஆரம்பிக்கும். எல்லோரும் "அப்பாடா" என்பார்கள். சமீனா மட்டும் இரண்டு கையையும் மடிக்குள் இழுத்துக்கொள்வாள். அவள் காதில் ஒரு ஆம்பிளைக் குரல் கேட்கும்.

"மேடம், நான் அன்புராஜ் பேசறேன் மேடம். ஒருவாட்டி பாத்துச் சொல்ட்டீங்கன்னா நான் தெகிரியமா எறங்குவேன்."

அந்த அன்புராஜ் செத்துப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது.

கதையை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். சமீனா வேலை பார்த்தது பூவராகவன் என்பவருடைய சின்னக் கம்பெனியில். ஃபேக்டரிகளில் மெஷின்களை ஓட்டவும் நிறுத்தவும் ஒரு கன்ட்ரோல் பெட்டி இருக்கும் அல்லவா, அந்தப் பெட்டியும் அதற்குள் ஓடும் புரோகிராமும் அவர்கள் தயாரிப்பு. புரோகிராம் எழுதுகிறவள் சமீனா. பழவேற்காட்டில் கருவாட்டுக் கடை வைத்திருக்கிற வாப்பாவுக்கு மகள் என்ன வேலை செய்கிறாள் என்று கடைசி வரை புரியவில்லை. "எம்மவ மெஷினுக்குப் புத்தி சொல்றா" என்று வாடிக்கைக்காரர்களிடம் சொல்லிக்கொள்வார். ஒரு கணக்கில் அதுவும் சரிதான்.

அவர்கள் பெட்டி வாங்கினவர்களில் சூளைச் செங்கல் செய்கிற கம்பெனி ஒன்று. அங்கே களிமண்ணைக் குழைக்க ஒரு மிக்சர். வீட்டு மிக்சி இல்லை, ஆள் உயரத் தொட்டி. அடியில் கத்தி கத்தியாக நாலு இரும்புக் கை. மண் அடியில் ஒட்டிக்கொண்டால் ஆள் ஏணி வைத்து உள்ளே இறங்கிச் சுரண்ட வேண்டும். கரண்டு இருக்கும்போது சுரண்டினால் உற்பத்தி கெடும் என்று சூப்பர்வைசர் கத்துவான். அதனால் கரண்டு போகிற ஒரு மணி நேரம்தான் அங்கே சுரண்டுகிற நேரம் என்று ஆகிப்போனது. மெயின் சுவிட்சை யாரும் இறக்குவதில்லை. கரண்டே இல்லை, எதற்கு இறக்க? அதற்குப் பதில் அவர்களாக ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். இறங்குகிறவன் சிவப்புப் பொத்தானை அமுக்கிவிட்டுத் தன் துண்டைப் பச்சைப் பொத்தான் மேல் தொங்கவிடுவான். துண்டு தொங்குகிற வரை முதலாளியே வந்தாலும் பச்சையைத் தொட மாட்டான். அது தெய்வக் கட்டளை மாதிரி.

அன்றைக்கும் அன்புராஜ் துண்டு தொங்கிக்கொண்டுதான் இருந்தது. நீலக் கோடு போட்ட துண்டு. பத்து மணிக்கு முன்னாலேயே மண் பாதி குழைந்திருக்கும்போதே மிக்சரை நிறுத்திச் சிவப்பை அமுக்கினான். கரண்டு போனதும் இறங்கினான். பதினொன்றுக்கு வர வேண்டிய கரண்டு பத்து நிமிஷம் முன்னால் வந்துவிட்டது. பச்சையை யாரும் தொடவில்லை. மிக்சர் தானாகச் சுற்றியது.

அப்புறம் என்ன நடந்தது என்று நான் சொல்லப் போவதில்லை. வேண்டாம்.

ஃபேக்டரியில் எல்லோருக்கும் ஒரே பேச்சு. குப்பம்மாள். பத்து வருஷத்துக்கு முன்னால் அந்த ஷெட் கட்டும்போது சுவர் விழுந்து செத்துப்போன சித்தாள். அன்புராஜ் சாவதற்கு முன்பே இரண்டு தடவை கரண்டு வந்ததும் மிக்சர் தானாகச் சுற்றியிருக்கிறது. நல்லவேளை அப்போதெல்லாம் உள்ளே ஆள் இல்லை. "கரண்டு வந்தா குப்பம்மாவும் வரா" என்று அப்போதே சொல்லிக்கொண்டார்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். ஆனால் இது பட்டப்பகலில், பத்துப் பேர் கண்ணெதிரே சுற்றியது. அவர்கள் வேறென்ன நினைப்பார்கள், பாவம்.

கம்பெனிக்காரர்கள் விவரமானவர்கள். பேய் என்று எழுதினால் விசாரிக்க வருகிற கவர்மென்ட் ஆபீசர் சிரிப்பார். 'ஊழியர் பொத்தானை அமுக்காமல் இறங்கினார், கவனக்குறைவு' என்று எழுதினார்கள். அதில் அன்புராஜ் பெண்டாட்டி தமிழ்செல்வியைக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். அவள் போடவில்லை.

இதெல்லாம் சமீனாவுக்குத் தெரியும். தெரியாத ஒன்றும் இருந்தது, அது பின்னால் வரும். ஆனால் அவளுக்கு மட்டுமே தெரிந்த ஒன்று இருந்தது பாருங்கள், அதுதான் அவளைப் பிடித்து ஆட்டியது. சாவதற்கு நாலு நாள் முன்னால் அன்புராஜ் ஆபீஸுக்குப் போன் பண்ணியிருந்தான்.

"மேடம், இந்த மிக்சர் தானா சுத்துது மேடம். பசங்க இன்னான்னாவோ சொல்லிக்கினு கீறாங்க. எனக்குப் பேய் பிசாசுல நம்பிக்கை இல்ல. உங்க பெட்டியில எதனா கோளாறா?"

சமீனா சோம்பேறி இல்லை. அப்போதே புரோகிராமைத் திறந்து பார்த்தாள். கரண்டு வந்தால் மிக்சர் என்ன செய்ய வேண்டும் என்று எழுதிய இடத்துக்கு நேராகப் போனாள். அங்கே பளிச்சென்று இருந்தது: யாராவது பச்சையை அமுக்குகிற வரை அசையாதே. ஒரு எழுத்துத் தப்பில்லை. இரண்டு தடவை படித்தாள்.

"புரோகிராம் சரியாத்தான் இருக்குங்க. உங்க வயரிங்கைப் பாக்கச் சொல்லுங்க."

"அப்ப எறங்கலாமா மேடம்?"

"எறங்குங்க. ஒண்ணும் ஆகாது."

அவ்வளவுதான் பேச்சு. ஒரு நிமிஷம் கூட இருக்காது. பன்னிரண்டு நாளாக அந்த ஒரு நிமிஷம் அவளைத் தின்றுகொண்டிருந்தது. வயரிங்கில் கோளாறு, நான் பார்த்தது சரிதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். ஃபேன் சுற்றும். "அப்ப எறங்கலாமா மேடம்?" குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சும்மா சொன்னதில்லை, குற்றம் என்னவென்று தெரியும் முன்பே அது குறுகுறுக்கத் தொடங்கிவிடுகிறது.

*

பொன்னேரியில் அவர்கள் வீடு. ஞாயிற்றுக்கிழமை காலை. உம்மா ஊருக்குப் போயிருந்தாள். தங்கச்சி உமைரா தேங்காய்ச் சட்னி அரைத்துக்கொண்டிருந்தாள். பாதியில் கரண்டு போனது.

"போச்சுடா! ஞாயித்துக்கெழம கூடவா?" என்று உமைரா மிக்சியைத் திட்டினாள், மிக்சி என்ன செய்யும். மூடியைத் திறந்து, ஓரத்தில் ஒட்டினதைக் கரண்டியால் வழித்தாள். வழித்துக்கொண்டே போன வாரம் நடந்த கல்யாணக் கதை ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தாள். சமீனா சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். உமைரா கரண்டியை வைத்துவிட்டு ருசி பார்க்க விரலை உள்ளே விட்டாள்.

சமீனாவுக்கு எப்படித் தோன்றியதோ அல்லா அறிவான். பாய்ந்துபோய்த் தங்கச்சி கையைப் பிடித்து இழுத்தாள். அந்தச் சமயம் பார்த்துக் கரண்டு வந்தது. மிக்சி பேய் மாதிரிக் கத்தியது. சட்னி மேற்கூரை வரை தெறித்தது.

உமைரா விரலைப் பார்த்தாள். ஐந்தும் இருந்தது. அப்புறம்தான் அழ ஆரம்பித்தாள்.

"சுவிட்ச ஆஃப் பண்ண மறந்துட்டேன் லாத்தா. கை உள்ள இருக்குன்னு அதுக்குத் தெரியுமா? மோட்டாரு தானே, கரண்டு வந்தா சுத்தத்தானே செய்யும்..."

சமீனா மிக்சியின் சுவிட்சை அணைத்தாள். தங்கச்சியைக் கட்டிக்கொண்டாள். ஆனால் காதில் அந்தக் கடைசி வார்த்தை மாட்டிக்கொண்டது. மோட்டார்தானே. கரண்டு வந்தால் சுற்றுவது மோட்டாரின் பழக்கம். செங்கல் கம்பெனி மிக்சரும் அன்றைக்கு ஒரு மோட்டார் மாதிரிதான் நடந்துகொண்டது. மிக்சர் மாதிரி நடந்துகொள்ளவில்லை.



*

இங்கே கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். கம்ப்யூட்டர் சமாச்சாரம், ஆனால் கஷ்டம் ஒன்றுமில்லை.

பூவராகவன் கம்பெனியில் முன்பு ஆசீர்வாதம் என்று ஒரு இன்ஜினியர் இருந்தார். பெங்களூருக்குப் போய்விட்டார். பெட்டிகளுக்கென்றே சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் மொழியை உண்டாக்கி, அதற்கு ஒரு கம்பைலரும் எழுதி வைத்துவிட்டுப் போனவர் அவர். நாம் எழுதுகிற புரோகிராமை மெஷினுக்குப் புரிகிற கட்டளையாக மாற்றித் தருவதுதான் கம்பைலர். அவருடைய மொழியில் 'பழக்கம்' என்று ஒன்று உண்டு. 'கரண்டு வந்தால் தொடர்' என்பது ஒரு பழக்கம். பொதுவாக மோட்டார் என்றால், பாதியில் விட்ட வேலையைக் கரண்டு வந்ததும் தானே தொடர வேண்டும். சிவப்பை அமுக்கி நிறுத்தியிருந்தாலும் அதன் கணக்கில் அது பாதியில் விட்ட வேலைதான். சூளைக்குத் தண்ணீர் தள்ளுகிற பம்புகள் அப்படித் தொடராவிட்டால் சூளை சூடேறிப் பாழாகிவிடும். மிக்சரும் ஒரு வகை மோட்டார்தான். ஆனால் ஆள் இறங்குகிற மெஷின் என்பதால் ஆசீர்வாதம் அதற்கென்று தனிப் பழக்கம் எழுதியிருந்தார். அசையாதே என்கிற பழக்கம். சமீனா இரண்டு தடவை படித்துப் பார்த்தது அதைத்தான்.

இப்போது, 'தொடர்' என்று ஒரு வரி எழுதினால், யாருடைய 'தொடர்' என்று கம்பைலர் தீர்மானிக்க வேண்டும். எதிரே இருப்பது என்ன வகை என்று பார்க்கும். வகையை நாம் எழுதியிருந்தால் பிரச்சினை இல்லை. எழுதாவிட்டால் அதுவாக ஊகித்துக்கொள்ளும். வகை இன்னதென்று முடிவான பிறகு, அந்த வகையின் பழக்கத்தை எடுத்து ஒட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். திரும்பிப் பார்க்காது.

ஆசீர்வாதம் ஒவ்வொரு மெஷினுக்கும் தனி வரி, தனி வகை என்று எழுதி வைத்திருந்தார். சமீனாவுக்கு அது அதிகப்படி ஜாக்கிரதையாகத் தோன்றியது. அன்புராஜ் சாவதற்கு மூன்று வாரம் முன்னால் செங்கல் கம்பெனியில் கேட்டார்கள்: கரண்டு வந்ததும் எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பி ஃபியூஸ் போகிறது, ஒவ்வொன்றாகக் கிளப்புங்கள். நல்ல யோசனைதான். சமீனா ஒன்பது மெஷினையும் ஒரே பட்டியலில் போட்டாள். பட்டியலில் உள்ள ஒவ்வொன்றையும் இரண்டு விநாடி இடைவெளியில் 'தொடர்' என்று ஒரே வரி. வகை எழுதவில்லை. கம்பைலர் ஊகிக்கட்டுமே, அதற்குத்தானே இருக்கிறது! ஒன்பது வரி ஒரு வரியானது என்று அன்றைக்குச் சந்தோஷமாக டீ குடித்தாள்.

திங்கட்கிழமை காலை எல்லோருக்கும் முன்னால் ஆபீஸ் வந்து கம்ப்யூட்டரைப் போட்டாள். எந்த வரிக்கு யாருடைய பழக்கத்தை எடுத்தாய் என்று கேட்டால் கம்பைலர் சொல்லும். ஆசீர்வாதம் அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். பிழை எதுவும் காட்டாத புரோகிராமில் யார் போய் அதைக் கேட்பார்கள்? சமீனா இப்போது கேட்டாள்.

திரையில் வந்தது. ஒன்று, சூளைப் பம்பு: மோட்டாரின் தொடர். இரண்டு, மூன்று, நாலு: மோட்டாரின் தொடர். ஐந்து, மிக்சர்: மோட்டாரின் தொடர்.

பட்டியலில் முதலில் இருந்தது பம்பு, அதாவது வெறும் மோட்டார். அதனால் இது மோட்டார்களின் பட்டியல் என்று கம்பைலர் ஊகித்துவிட்டது. மிக்சரும் மோட்டார் வகைதானே, அதனால் முரண்டு பிடிக்கவில்லை, சிவப்பு எழுத்தில் திட்டவில்லை, வாயே திறக்கவில்லை. அடுத்த பக்கத்திலேயே மிக்சரின் சொந்தப் பழக்கம் எழுதியபடியே கிடந்தது. அசையாதே. அதை யாரும் கூப்பிடவே இல்லை.

சமீனா நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். குப்பம்மாள் இல்லை. வயரிங் இல்லை. அந்த ஷெட்டுக்குள் மூன்று வாரம் சுற்றிக்கொண்டிருந்த பேய் அவளே எழுதிய ஒரு வரி. அவன் போன் பண்ணிக் கேட்டபோது அவள் சரியான பக்கத்தைத்தான் படித்தாள். ஆனால் மெஷின் படித்தது வேறு பக்கம். தான் படித்ததை நம்பி, எறங்குங்க என்று அவள் சொன்னாள்.

"யா அல்லா, நான்தான் கொன்னேன்" என்று வாய்விட்டுச் சொன்னாள். ஆளில்லாத ஆபீஸில் அது பெரிதாகக் கேட்டது.

*

பூவராகவன் கெட்ட மனுஷர் இல்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். முழுசும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது சார்."

"அப்ப தெரிய வேணாம். இன்னிக்கே போய் அந்த வரிய மாத்திட்டு வந்துரு. மாசாந்திரச் செக்கிங்னு சொல்லு. இந்தக் கம்பெனிய நம்பி எட்டுக் குடும்பம் இருக்கும்மா. உன் மேல கேசு வந்தா உன்னை யாரு கட்டுவான், அதையும் யோசி. போனவன் திரும்பி வரப் போறானா?"

"அவரு பொத்தானை அமுக்கலன்னு எழுதி வெச்சிருக்காங்க சார்."

"எழுதுனது அவங்க. நாம இல்லியே."

பழி ஓரிடம் பாவம் ஓரிடம். சமீனா லேப்டாப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். என்ன செய்யப் போகிறாள் என்று அவளுக்கே தெரியாது. ஒன்று மட்டும் தெரியும். விபத்துக்குப் பிறகு சீல் வைத்து மூடியிருந்த மிக்சரை அன்றைக்குக் காலையில்தான் ஆபீசர் திறந்துவிட்டிருந்தார். பத்து மணிக்குக் கரண்டு போகும். ஒட்டிக் காய்ந்த இரண்டு வார மண்ணைச் சுரண்ட யாரோ ஒருத்தன் இறங்குவான்.

ஆட்டோக்காரனிடம் "சீக்கிரம் போங்கண்ணா, சீக்கிரம்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனாள். ஷெட் வாசலில் உடைத்த பூசணிக்காயும் குங்குமமும் எலுமிச்சம்பழமும். மணி பத்தடித்துக் கால் மணி ஆகியிருந்தது. உள்ளே விளக்கு இல்லை. பச்சைப் பொத்தான் மேல் ஒரு துண்டு தொங்கியது. தொட்டிக்குள்ளிருந்து சரக் சரக் என்று சுரண்டுகிற சத்தம்.

"வெளிய வாங்க! யாரு உள்ள? வெளிய வாங்க!"

அவள் கத்தின கத்தலில் புறாக்கள் கூரையை விட்டுப் பறந்தன. தொட்டி விளிம்பில் ஒரு நரைத்த தலை எழும்பியது. சடையப்பன், அங்கே ரொம்ப நாள் வேலைக்காரர்.

"இன்னா மேடம், உசுரு போற மாதிரி கத்தறீங்க? பயப்படாதீங்க. நேத்துதான் பூசை போட்டு குப்பம்மாவக் கட்டியாச்சு."

"ஏறி வாங்க சொல்றேன்!"

ஏறி வந்தார். சமீனா ஏணியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். வேலைக்காரர்கள் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். ஓரமாகத் துடைப்பத்தோடு ஒரு பெண் நின்றிருந்தாள். முப்பது வயசிருக்கும், வெறும் கழுத்து. தோளில் ஒரு நீலக் கோட்டுத் துண்டு.

"அது அன்புராஜ் சம்சாரம் மேடம்" என்றார் சடையப்பன் தணிந்த குரலில். "தமிழ்செல்வி. பெருக்கற வேலை குடுத்துருக்காங்க. கையெழுத்து போட்டா நிரந்தரம்னு சொல்லிக்கினு கீறாங்க. போட மாட்டேங்குது."

"எப்படி போடுவேன்?" தமிழ்செல்வியின் காதில் அது விழுந்துவிட்டது. "எங்க ஊட்டுக்காரரு சோறு துன்ற கையைக் கூட மூணுவாட்டி கழுவறவரு. பொத்தானை அமுக்காம எறங்கிட்டாராமே. யாருகிட்ட சொல்றாங்க? பசங்க பேயின்னப்ப கூட, பெட்டி செய்யற ஆபீஸுக்குப் போன் போட்டுக் கேட்டாரு. ஒரு மேடம் நல்லா பாத்துட்டு எறங்குங்கன்னு சொல்ட்டாங்க, இனிமே பயமில்லன்னு அன்னிக்கு ராத்திரி ரெண்டு கரண்டி சோறு அதிகமா துன்னாரு."

சமீனா நினைத்து வந்ததெல்லாம் பறந்துபோனது. செக்கிங் என்று சொல்லிவிட்டு மாற்றிவிட்டுப் போயிருக்கலாம். மாற்றிய பிறகு மிக்சர் தானாகச் சுற்றாது. பூசை பலித்தது என்பார்கள். அன்புராஜ் பேயடித்துச் செத்தவன், இல்லாவிட்டால் கவனமில்லாமல் செத்தவன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது ஒன்றும் கஷ்டமில்லை, வாசலிலேயே ஒன்று உடைந்து கிடக்கிறது.

"அக்கா, அந்த மேடம் நான்தான்" என்றாள்.

தமிழ்செல்வி துடைப்பத்தோடு அவள் பக்கம் திரும்பினாள்.

"அவரு பொத்தானை அமுக்கினாரு. நீங்க சொல்றது சத்தியம். சிவப்பை அமுக்கினாலும் அது சுத்தும். கரண்டு வந்ததும் அதைச் சுத்த வெச்சது குப்பம்மாள் இல்லை. நான் எழுதுன புரோகிராம். மிக்சரை மத்த மோட்டாரோட ஒரே பட்டியல்ல சேத்துட்டேன். பெட்டி அதையும் பம்புன்னு நெனச்சுடுச்சு. அவரு கேட்டப்ப நான் சரியா பாக்கல. பாத்தேன்னு சொன்னேன்."

 அன்றைக்கும் கரண்டு நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டது. விளக்குகள் எரிந்தன. இரண்டு விநாடிக்கு ஒன்றாகப் பம்புகள் கிளம்பின. ஒன்று. இரண்டு. மூன்று. நாலு. சமீனா வாய்க்குள் எண்ணினாள். ஐந்து. சடையப்பனின் துண்டு பச்சை மேல் தொங்கிக்கொண்டிருக்க, யாரும் தொடாமல், மிக்சர் உறுமிக்கொண்டு சுற்றியது. இப்போதுதான் அவர் ஏறி வந்த தொட்டி.

சடையப்பன் தரையில் உட்கார்ந்துவிட்டார். தமிழ்செல்வி சுற்றுகிற இரும்புக் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். புருஷனின் கடைசி நிமிஷத்தை இப்போதுதான் கண்ணால் பார்க்கிறாள். சமீனா ஓடிப்போய் மெயினை இறக்கினாள்.

அரை மணி நேரம் ஆனது மாற்ற.  மிக்சரைப் பட்டியலிலிருந்து எடுத்தாள். தனி வரி போட்டாள். முன்னால் வகையை எழுதினாள், ஆசீர்வாதம் எழுதியிருந்தது போலவே. கம்பைலரைக் கேட்டாள்: யாருடைய பழக்கம்? மிக்சரின் தொடர் என்றது. மறுபடியும் கேட்டாள். மறுபடியும் அதையே சொன்னது. பெட்டிக்குள் ஏற்றினாள்.

"மாத்திட்டேன்" என்று எழுந்தாள். "இனிமே எறங்கலாம். ஒண்ணும் ஆகாது."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. தமிழ்செல்வி பக்கத்தில் வந்து நின்றாள்.

"இதத்தானே அவரண்டையும் சொன்ன?"

"ஆமாக்கா."

"அப்ப நீ எறங்கு. நான் மெயின தூக்கறேன்."

சடையப்பன் பதறினார். "தாயி, இன்னா பேச்சு இது! படிச்ச பொண்ணு..."

"அவரும் ஒரு வீட்டுப் புள்ளதான்."

சமீனா செருப்பைக் கழற்றினாள். துப்பட்டாவை இழுத்து இடுப்பில் இறுக்கிக் கட்டினாள். ஏணிப் படி குளிர்ந்திருந்தது. தொட்டிக்குள் ஈரக் களிமண் வாசனை. இரும்புக் கைகள் கணுக்காலைத் தொட்டுக்கொண்டு நின்றன. மேலே வட்டமாக ஒரு துண்டு வெளிச்சம். அன்புராஜும் கடைசியாக இதைத்தான் பார்த்திருப்பான். தமிழ்செல்வி தோளிலிருந்து நீலக் கோட்டுத் துண்டை எடுத்துப் பச்சை மேல் தொங்கவிடுவதை சமீனா பார்க்கவில்லை, பக்கத்தில் நின்றவர்கள் பார்த்தார்கள். அப்புறம் செருப்புச் சத்தம் மெயின் பக்கம் போனது.

சாகும்போது சொல்கிற கலிமாவைச் சொல்ல நினைத்தாள். வாயில் வந்தது அந்த வரிதான். எழுதினேனா? வகையை எழுதினேனா? கம்பைலர் சொன்னதைத்தானே நம்பி நிற்கிறேன். அதுவும் அன்றைக்கு ஒன்றும் தப்பாகச் சொல்லவில்லையே, நான்தான் கேட்கவில்லை.

'டக்' என்றது.

விளக்கு எரிந்தது. ஒன்று. இரண்டு. மூன்று. பம்புகள் தூரத்தில் ஒவ்வொன்றாக முனகின. நாலு. சமீனா கண்ணை மூடிக்கொண்டாள். காதருகே அந்தக் குரல். அப்ப எறங்கலாமா மேடம்?

ஐந்து.

ஐந்தாவது முனகலும் தூரத்திலிருந்துதான் வந்தது, அது இன்னொரு பம்பு. காலருகே இரும்பு அசையவில்லை. ஆறு, ஏழு, எட்டு. அப்புறம் எண்ண ஒன்றும் இல்லை. அவள் கண்ணைத் திறக்கவே இல்லை. களிமண்ணில் உட்கார்ந்து, "மன்னிச்சிடுங்கண்ணா, மன்னிச்சிடுங்க" என்று கண்ணுக்குத் தெரியாத ஒருத்தனிடம் சொல்லிச் சொல்லி அழுதாள்.

தொட்டி விளிம்பில் தமிழ்செல்வியின் முகம் தெரிந்தது. அவளும் அழுதுகொண்டிருந்தாள், ஆனால் குரல் தெளிவாக இருந்தது.

"அழுதது போதும், ஏறி வா. ஆபீசரண்டை போவணும். அவரு பொத்தானை அமுக்கினாருன்னு சொல்ல இந்த ஒலகத்துல உன்னை விட்டா எனக்கு வேற சாட்சி கெடயாது."

கையை உள்ளே நீட்டினாள். சமீனா அதைப் பிடித்துக்கொண்டு ஏறினாள்.